வெயிலை வாசலிலேயே நிறுத்திய குதிரை லாயம்... செஞ்சிக்கோட்டையில் பலரும் பார்க்காமல் கடக்கும் இடம்!

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியாகப் புதுச்சேரி போகிறவர்களில் பலர் மரக்காணத்தில் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். சாலையோரம் கட்டம் கட்டமாக உப்புப் பாத்திகள், வெள்ளைக் குவியல்கள், பக்கத்திலேயே 2024-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற கழுவெளி நீர்நிலை. சித்திரை வெயில் கொளுத்தினால் ஊரே புலம்பும். உப்பளக்காரர்களுக்கு மட்டும் அது விளைச்சல் காலம்.

உப்புக்கு நல்லதான அதே வெயில் குதிரைக்கு ஆகாது. இந்த மண்ணில் குதிரையை உயிரோடு வைத்திருக்க என்ன பாடு பட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், மரக்காணத்திலிருந்து மேற்கே திரும்பி, திண்டிவனம் வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர் போக வேண்டும். அதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது செஞ்சிக்கோட்டை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய கோட்டை இது. வருகிறவர்களின் கண் நேராக ராஜகிரி உச்சிக்குப் போய்விடும். அடிவாரத்தில் கொஞ்சம் நின்றால், அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் கல்யாண மகாலைப் பார்த்து போட்டோ எடுப்பார்கள். அதன் பக்கத்தில் தாழ்வாக, நீளமாக, வளைவு வளைவாகப் போகிறதே ஒரு கட்டடம், அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதுதான் குதிரை லாயம்.

பார்க்க ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஹம்பியில் யானை லாயத்துக்கு வரிசையாக 11 அறைகள், மேலே விதவிதமான குவிமாடங்கள் என்று இழைத்திருப்பார்கள். செஞ்சியில் அந்த ஜோடனையெல்லாம் கிடையாது. ஒரே மாதிரி வளைவு, அடுத்து இன்னொரு வளைவு, அவ்வளவுதான். ஆனால், உள்ளே நுழைந்ததுமே வெளியிலிருந்த அனல் குறைவது தெரியும்.

காரணம் எளிது. கனமான சுவர் சூட்டை உள்ளே விட நேரம் எடுத்துக்கொள்ளும். முன்பக்கம் திறந்திருப்பதால் காற்று புகுந்து வெளியேறும். குதிரைக்கு இது ரொம்ப முக்கியம். அதன் சிறுநீரிலிருந்து எழும் நெடி மூடிய இடத்தில் தங்கினால் நுரையீரலைக் கெடுத்துவிடும். கூரையின் பாரத்தை வளைவுகளே தாங்கிக்கொள்வதால் மர உத்தரம் தேவையில்லை. வைக்கோலும் புல்லும் குவிந்து கிடக்கும் இடத்தில் மரம் இல்லை என்றால் தீ பயம் பாதி குறைந்தது, கரையான் தொல்லை முழுசாக ஒழிந்தது.

இந்தக் கவலை வீண் கவலை இல்லை. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், வருடக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். அரேபியா, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வந்த விலையுயர்ந்த குதிரைகள் அவை. நம்மூர் தட்பவெப்பமும் தப்பான தீவனமும் அவற்றைக் கொன்றன. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்களாம்! எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் பணம் எங்கே கரைந்தது என்பது புரிகிறது. பிறகு கொள்ளு கைகொடுத்தது. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம்' என்று பழமொழியே வந்துவிட்டது.

அடுத்தது தண்ணீர். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். நூறு குதிரை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் உப்பும் போய்விடுவதால், லாயத்தில் உப்புக்கட்டி வைப்பது இன்றும் வழக்கம். செஞ்சியில் லாயத்தைச் சுற்றியே ஆனைக்குளம், நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் அமைந்திருப்பது தற்செயல் அல்ல. தீவனம், தண்ணீர், ஆள் மூன்றும் கூப்பிடு தூரத்தில். இதே கட்டடத்தைப் படைவீரர்கள் தங்கிய இடம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதற்கும் பொருத்தமான கட்டடம்தான்.

இந்தக் கோட்டையின் வரலாறே குதிரைக் குளம்புச் சத்தம்தான். 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது முகலாயர் முற்றுகையிட்டார்கள். வெளியிலிருந்து சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரின் குதிரைப்படைகள் முற்றுகைக்காரர்களையே அலைக்கழித்தன. கோட்டை விழ 1698 ஆகிவிட்டது. 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து இளவயதிலேயே மடிந்த ராஜா தேசிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1960-ல் எம்.ஜி.ஆர் நடித்த படம் தாத்தா பாட்டிகளுக்கு நினைவிருக்கும். பாராசாரி, நீலவேணி என்று குதிரைகளைப் பெயர் சொல்லியே பாடுகிறது தேசிங்கு கதைப்பாட்டு. லாயத்தில் நின்ற மற்ற குதிரைகளுக்குப் பாட்டு இல்லை. இந்த வளைவுகள்தான் இருக்கின்றன.

1921-லேயே தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோட்டை இது. 2025 ஜூலையில், மராட்டியப் படைத்தளங்களாக விளங்கிய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது செஞ்சி மட்டுமே. பட்டியலில் சேர்ந்தாயிற்று, இனி கூட்டம் கூடும். உச்சிக்கோட்டையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், ஏற முடியாதவர்கள் அங்கே போகமாட்டார்கள். கைக்கு எட்டும் உயரத்தில், காவலுக்கு ஆள் இல்லாத நேரத்தில் சுண்ணாம்புப் பூச்சோடு நிற்கும் லாயம்தான் பாவம். ஆணியோ சாவியோ கையில் இருந்தால் பெயர் எழுதத் துடிக்கும் நம் ஆட்களுக்கு இதைவிட வசதியான சுவர் கிடைக்காது.

குடும்பத்தோடு போகிறவர்கள் காலையிலேயே ராஜகிரி ஏறிவிடுவது நல்லது. சுமார் 800 அடி உயரம், முழுக்கப் படிகள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். தின்பண்டப் பையைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் சாமர்த்தியம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் மலையேற வேண்டாம், லாயத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்கள் மதியம் வியர்த்து வழிய இறங்கி வந்து அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.