சூடானால் நிற்கும் பத்மினி

குளிர்ந்திருக்கும்போது ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிறது. சாமுண்டி மலையில் பாதி ஏறியதும் மிஸ் அடிக்கத் தொடங்கி, உதறி உதறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஓரங்கட்டினால் எதுவுமே நடக்காததுபோல மறுபடி கிளம்புகிறது. மைசூரு பன்னிமண்டபம் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு இந்தப் புகாரோடு வந்திருந்தது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பிரீமியர் பத்மினி. வேறொரு பட்டறையில் ஏற்கெனவே கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் பம்பையும் நான்கு பிளக்குகளையும் மாற்றியாகிவிட்டது. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. பேச்சில் சேலத்துத் தமிழும் கன்னடமும் கலந்து வரும். இளமையில் யாதவகிரியிலிருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜாவா, எஸ்டி பைக்குகளைச் செய்த அந்தத் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அங்கே கற்றதை வைத்துப் பிழைக்கும் கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. பையன்கள் அவரை அண்ணா என்கிறார்கள்.

பானெட்டைத் திறக்கும் முன் அவர் கேள்விகள் கேட்டார். நிற்பதற்கு முன் இழுவை மெல்லக் குறைகிறதா, சட்டென்று வெட்டுகிறதா? மழை நாளில் அதிகமா? டேங்க் நிறைய இருந்தாலும் இப்படித்தானா? ஆசிரியர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். சட்டென்று வெட்டுகிறது என்றதும், "பெட்ரோல் பத்தலைன்னா தயங்கித் தயங்கி நிக்கும் மேஷ்ட்ரே, இது கரண்ட்டா இருக்கலாம்" என்றார். ஆனால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தாலிய ஃபியட் 1100இன் வழிவந்த 1,089 சிசி எஞ்சின் அது. சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. நோயைச் சொல்ல எந்த விளக்கும் எரியாது. எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எந்த வயரை எடுத்தாலும் எஞ்சின் ஒரே அளவுக்குத் தடுமாறியது. "நாலும் சமமா வேலை செய்யுது. ஒண்ணு மட்டும் மாறியிருந்தா அந்த பிளக், அந்த வால்வுன்னு போகலாம். இப்போ நாலுக்கும் பொதுவா இருக்கிறதுலதான் தேடணும்." வெறும் ஐந்து நிமிடத்தில் எஞ்சினின் பெரும்பகுதி விசாரணையிலிருந்து விடுபட்டது. கழற்றிய பிளக்குகளின் முனைகளும் சாம்பல் படர்ந்த பழுப்பில், நன்றாகவே இருந்தன. பெட்ரோல் அதிகமாகிக் கரி படியவில்லை, ஆயில் நனைக்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். கோளாறு வரும்வரை காத்திருப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. அவசரப்படும் பட்டறைகள் தவறுவது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடி, கடைசியில் உதறி நின்றது. உடனே கார்பரேட்டர் மூடியைத் திறந்தார்: கிண்ணத்தில் பெட்ரோல் சரியான மட்டத்தில் இருந்தது. அதன் அடியில் கறுப்புத் துகள்கள். முந்தைய பட்டறை கண்டதும் இதைத்தான். பெட்ரோல் குழாயின் ரப்பர் உள்ளுக்குள் இளகி உதிர்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகமானது. இப்போது பெரும்பாலான பங்க்குகளில் அதுதான். பழைய கார்களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. துகள் நிஜம், அது ஒரு கோளாறு என்பதும் நிஜம். ஆனால் கிண்ணம் நிறைந்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தியது அது அல்ல. கண்ணில் முதலில் பட்டதைக் காரணமாக்கியதால்தான் ஆசிரியரின் பணம் பம்புக்கும் பிளக்குக்கும் போயிற்று.

காயிலின் நடு வயரைக் கழற்றி பாடிக்கு அருகே பிடித்துக்கொண்டு பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீலமாகப் பளிச்சென்று தாவ வேண்டிய பொறி, சிவந்து மெலிந்து விழுந்தது. டெல்கோ எனப்படும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் பாயிண்ட் முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தன. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது அந்த முனைகள் நொடிக்கு 100 முறை பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் அங்கே பொறி பறக்காமல் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது கண்டென்சர். அப்போதுதான் காயிலில் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறும். சுண்டுவிரல் நுனியளவு உருளை அது. பழுதானது சூடேறினால் கசிகிறது, ஆறினால் தேறிவிடுகிறது. மலையில் அரை மணி நேர ஓய்வு குணமாக்கியது இதைத்தான்.

கண்டென்சரையும் பாயிண்ட்டையும் மாற்றி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்து, வேறெதையும் தொடாமல் வண்டியை மலைக்கு எடுத்துப் போனோம். நந்தி சிலையைத் தாண்டி உச்சிவரை நிற்காமல் ஏறியது. திரும்பி வந்த பிறகுதான் பெட்ரோல் குழாயை மாற்றினார். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது.

பில்லில் இரண்டு உதிரிபாகம், ஒரு குழாய், கூலி என்றே எழுதியிருந்தது. ஒரு காலைப்பொழுது முழுக்கச் செய்த தேடலுக்கு அதில் வரி இல்லை. உதிரிபாகத்துக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கும் நாம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க யோசிக்கிறோம். மருத்துவரிடம் மருந்துக்கு மட்டுமா பணம் கொடுக்கிறோம்? இந்த வேலையைக் கற்கப் பையன்கள் வராததற்கு இதுவும் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆசிரியர் இன்னொன்றும் கேட்டார்: பிக்கப் முன்புபோல இல்லையே? எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும்; அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். பழைய ஜெட் வழியே வரும் அளவு இப்போதைய பெட்ரோலுக்குக் கொஞ்சம் பற்றாது. புதிய கார்கள் தாங்களே அளவைத் திருத்திக்கொள்ளும், கார்பரேட்டருக்கு அது தெரியாது. "மெயின் ஜெட்ட ஒரு சைஸ் பெரிசா போட்டுப் பாக்கலாம் மேஷ்ட்ரே. ஆனா இன்னைக்கு வேணாம். ஒரு வாரம் இப்படியே ஓட்டிட்டு வாங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டா எதனால சரியாச்சுன்னு எனக்கே தெரியாது."