நெய் பூசாத படைக்கலம்

புறநானூற்றின் 95ஆம் பாடலைக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் ஒரு முரணைச் சுட்டிக்காட்டுவதுண்டு. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையனவோ நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. துலக்கத்தைப் போர் காணாமையின் அடையாளமாக்கி ஒளவையார் நகையாடுகிறார். அந்த நகையாடல் வேலுக்குப் பொருந்தும். இன்றைய துவக்குக்குப் பொருந்தாது.

வேல் தோள்வலியால் இயங்குவது. அரைத் தன்னியக்கத் துவக்குகளுட் பெரும்பாலானவை வெடிமருந்தின் வாயுவினாலேயே வெற்று ரவைக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த ரவையை ஏற்றுகின்றன. யூஜின் ஸ்ரோனர் வகுத்த அமைப்பில் அவ்வாயு இயங்கும் பகுதிக்குள்ளேயே செல்கின்றது. கரியும் அங்கேயே படிகின்றது. ஆதலின், எத்தனை நாளுக்கொருமுறை துடைப்பது என்ற வினாவிற்கு நாட்காட்டி விடை தராது. சுட்ட நாளிலெல்லாம் துடைத்தல் வேண்டும். ஈரமும் புழுதியும் மிக்க களத்திலாயின் சுடாத நாளிலும் வேண்டும். உராயும் பகுதிகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சுப் போதும். மிகுந்தால் அது தூசியைச் சேர்க்கும். குழலும் ரவை அறையும் சுடுமுன் உலர்ந்திருத்தல் வேண்டும்.

இவ்வெளிய விதி புறக்கணிக்கப்பட்டதன் விளைவை வியட்நாம் யுத்தம் காட்டிற்று. 1960களின் நடுப்பகுதியில், ஸ்ரோனரின் அமைப்பில் உருவான எம்-16 அமெரிக்கப் படையினரின் கைக்கு வந்தது. ஒற்றை வெடியாகவும் தொடர் வெடியாகவும் சுடவல்ல அத்துவக்கிற்குத் துப்புரவு அதிகம் வேண்டியதில்லை என்ற பேச்சுப் பரவியிருந்தது. துடைப்புக் கோல்களும் தூரிகைகளும் போதியளவு வழங்கப்படவில்லை. வெடிமருந்தின் வகையும் மாற்றப்பட்டது. சுடும் வேகமும் கரியும் கூடின. குரோமியம் பூசப்படாத ரவை அறை ஈரத்தில் அரிப்புண்டது. வெற்று ரவைக்கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. கோல் வைத்திருந்தவன் குழல் வழியே அதைக் குத்தி வெளியேற்றினான். இல்லாதவன் என் செய்வான்? செயலிழந்த துவக்கோடு மாண்டவர் பலர்.

துடைக்காதது சிப்பாயின் குற்றமே என்று மேலிடத்தார் முதலிற் கூறினர். ஆயின், 1967இல் றிச்சட் ஐக்கோட் தலைமையில் விசாரித்த அமெரிக்கக் காங்கிரஸ் உபகுழு, ரவையின் குறைபாடுகளைத் திருத்தத் தவறிய அதிகாரிகளின் போக்குக் குற்றமாகத்தக்க அலட்சியத்தை அண்மியதென்று கண்டித்தது. பின்னர் ரவை அறைக்குக் குரோமியம் பூசினர். துப்புரவு உபகரணங்களையும் பயிற்சியையும் வழங்கினர். பராமரிப்பு முறையைச் சித்திரக்கதை வடிவில் அச்சிட்டும் கொடுத்தனர்.

அத்துவக்குகள் தம் மண்ணுக்காகப் போராடிய உழவர்மீதே நீட்டப்பட்டன என்பதை நாம் மறந்துவிடவில்லை. எனினும், அவற்றை ஏந்தியோருள் பலர் கட்டாயத்தின் பேரில் அழைக்கப்பட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் மறத்தலாகாது. கருவியைக் கொடுத்தவர்கள் அதைப் பேணுதற்குரிய கோலையும் எண்ணெயையும் கொடுக்கவில்லை. பழியை மட்டும் தவறாது கொடுத்தார்கள். எத்துறையிலாயினும், பேணவில்லை என்று உழைப்பவன்மீது குற்றஞ் சாட்டப்படும்போது, பேணுதற்கு வேண்டியவை அவனுக்கு வழங்கப்பட்டனவா என்பதையே நாம் முதலிற் கேட்டல் வேண்டும்.