கஃபார் மார்க்கெட்டில் கைப்பேசிக்குத் துணை தேடி

தலைநகர் தில்லியில் தமிழர் குடியேறிய பழைய பகுதிகளுள் கரோல்பாக் குறிப்பிடத்தக்கது. அரசு அலுவல்களை நாடி வடக்கே வந்த நம்மவர் பலர் முதன்முதலாகக் குடித்தனம் வைத்தது இப்பகுதியின் சந்துகளில்தான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அருகே பூசா சாலையில் இன்றும் நடந்து வருகிறது. காலப்போக்கில் நம் குடும்பங்கள் இராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, துவாரகா, மயூர் விஹார் எனப் பல திசைகளிலும் பரவிவிட்டன. ஆயினும் கைப்பேசிக்கு ஓர் உறையோ ஒரு கேபிளோ வேண்டுமென்றால் நம் கால்கள் மீண்டும் கரோல்பாகையே நாடுகின்றன. அங்குள்ள கஃபார் மார்க்கெட்டே அதற்குக் காரணம்.

எல்லை காந்தி எனப் போற்றப்பட்ட கான் அப்துல் கஃபார் கான் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்பது இக்கடைவீதி. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்த அகதிகளின் மறுவாழ்வுக்கென ஏற்பட்டது. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த நாளில், அயல்நாட்டுக் கடிகாரம், வாசனைத் திரவியம், ஒலிப்பதிவுக் கருவி முதலியன கிடைக்கும் இடம் என்று இது பெயர் பெற்றிருந்தது. இன்று அந்த இடத்தைக் கைப்பேசியும் அதன் துணைப்பொருள்களும் பிடித்துக்கொண்டுவிட்டன.

மெட்ரோ இரயிலின் நீலத் தடத்தில் கரோல்பாக் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஒரு சனிக்கிழமை மாலை நாமும் அவ்வாறே சென்றோம். அடுத்த வாரம் சென்னைக்குப் புறப்பட வேண்டியிருந்ததால், அதற்கு வேண்டியவற்றை வாங்குவதே நோக்கம்.

கூட்டத்தில் ஒருவர் தோளை மற்றவர் தோள் உரசாமல் நடக்க இயலவில்லை. இரு கை அகலமே உள்ள கடைகளில் தரை முதல் கூரை வரை உறைகள் தொங்குகின்றன. நடைபாதையில் சிறு மேசை போட்டு, கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையில் பற்றவைக்கும் கோலுமாக இளைஞர்கள் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘கவர், கிளாஸ், சார்ஜர்’ என்ற கூவல் நான்கு புறமும் எழுகிறது. 600 ரூபாய் என்று தொடங்கிய விலை, நாம் இரண்டடி நகர்ந்ததும் 350 ரூபாய்க்கு இறங்குகிறது. ‘ஒரிஜினல்’ என்று கடைக்காரர் முதலில் சொல்கிறார். சற்று அழுத்திக் கேட்டால் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்கிறார். அசலைப் போலவே அச்சிட்ட போலி என்பதே அதன் பொருள். சொல்பவருக்குக் கூச்சமில்லை, கேட்பவர்தாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

இத்தகைய சந்தைக்கு வெறுங்கையோடு போனால் பை நிறையப் பொருளும் மனம் நிறையக் குழப்பமுமாகத் திரும்ப நேரும். எது வேண்டும் என்பதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நலம். நம் பட்டியலை இங்கே விரித்துச் சொல்கிறோம்.

சார்ஜரும் கேபிளும்

முன்பெல்லாம் கைப்பேசி வாங்கினால் சார்ஜரும் பெட்டியிலேயே இருக்கும். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனமும், 2021ஆம் ஆண்டு முதல் சாம்சங் நிறுவனமும் தம் உயர்விலைப் பேசிகளில் அதனை நிறுத்தின. பிறரும் சிலர் பின்பற்றினர். ஆகவே சார்ஜரைத் தனியே வாங்கும் கட்டாயம் பல வீடுகளுக்கு வந்திருக்கிறது.

சார்ஜரின் மேல் சிற்றெழுத்தில் வோல்ட், ஆம்பியர் என இரு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 5 வாட். 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட இக்காலப் பேசியை அது நிரப்ப 4, 5 மணி நேரம் ஆகும். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். பேசி ஏற்கக்கூடிய அளவுக்கு மேல் வாட் கொண்ட சார்ஜரை வாங்குவதால் மின்னேற்றம் விரைவதில்லை. ஒன்பிளஸ், ஓப்போ போன்ற சில நிறுவனத்தாரின் அதிவேக மின்னேற்றம் அவரவர் சார்ஜரோடும் கேபிளோடும் மட்டுமே முழு வேகத்தில் நடக்கும். பிறவற்றோடு இணைத்தால் மெதுவாகவே நடக்கும்.

கேபிளைப் பொறுத்தவரை இது நல்ல காலம். 2014ஆம் ஆண்டில் உருவான ‘டைப்-சி’ முனை இன்று பெரும்பாலான பேசிகளுக்குப் பொதுவாகிவிட்டது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 15 முதல் ஆப்பிள் பேசிகளும் இவ்வழிக்கு வந்துவிட்டன. எனவே வீட்டில் ஆளுக்கொரு கேபிள் என்ற நிலை மாறி, இரண்டு நல்ல கேபிள்கள் குடும்பம் முழுமைக்கும் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உறையிலும் தாங்கியிலும் மிச்சம் பிடிக்கலாம்; சார்ஜரில் பிடிக்கலாகாது. வீட்டுச் சுவரில் ஓடும் 230 வோல்ட் மின்சாரத்திற்கும், குழந்தையின் தலைமாட்டில் கிடக்கும் பேசிக்கும் இடையே நிற்கும் ஒரே தடுப்பு அச்சிறு பெட்டிதான். போலிப் பெட்டியில் அந்தத் தடுப்பே பலவீனமாக இருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. 2012ஆம் ஆண்டில் பிறந்த கட்டாயப் பதிவு ஆணையின்கீழ்ப் பின்னர் சார்ஜரும் பவர் பேங்கும் சேர்க்கப்பட்டன. இவற்றின் மீது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தை அடுத்து 8 இலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ என்னும் செயலியில் அவ்வெண்ணை இட்டால், அது எந்த உற்பத்தியாளருக்கு, எந்தப் பொருளுக்கு அளிக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு சார்ஜரின் எண்ணை இவ்வாறு தேடினோம். அவ்வெண்ணுக்குரிய பெயர் ஒன்று, பெட்டியின் மேலிருந்த பெயர் வேறு. ஒன்றும் பேசாமல் கடைக்காரர் அதனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துத் தந்தார்!

பவர் பேங்க்

நம் பட்டியலில் அடுத்து நின்றது இதுவே. தில்லியில் வாழும் நமக்கு இது ஏன் வேண்டும் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

புது தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோ மீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். 2021ஆம் ஆண்டு மார்ச்சில், தீ விபத்தைத் தவிர்க்கும் பொருட்டு, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வண்டிகளில் மின்னேற்றும் முனைகளை நிறுத்திவைக்க இரயில்வே நிருவாகம் முடிவு செய்ததாக அறிவிப்பு வந்தது. பகலில் ஒரே முனைக்கு எட்டுப் பேர் காத்திருப்பதையும் நாம் அறிவோம். பயணச் சீட்டும் அடையாள அட்டையும் பேசிக்குள்ளேயே அடங்கிவிட்ட காலம் இது. பேசி அணைந்தால் இரண்டும் உடன் மறையும்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் நாட்கணக்கில் அற்றுப்போயின. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பகுதிகள் நீரிலும் இருளிலும் கிடந்தன. அந்நாட்களில் இங்கிருந்து மணிக்கு ஒரு தரம் எண்ணைச் சுழற்றி, பெற்றோரின் குரலுக்காக ஏங்கிய குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. கம்பம் சாய்ந்து அலைவரிசை இல்லாமற்போவதற்கு நாம் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் அலைவரிசை திரும்பிவந்தபோது பேசியில் மின்சாரம் தீர்ந்திருக்கிறதே, அதற்கு மாற்று உண்டு. ஆகவே நாம் வாங்கிய இரண்டு பவர் பேங்குகளுள் ஒன்று இங்குள்ள பயன்பாட்டுக்கு. மற்றொன்று சென்னையிலுள்ள பெற்றோருக்கு.

வாங்குவோர் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பது, உள்ளிருக்கும் மின்கலம் 3.7 வோல்ட்டில் தரும் கணக்கு. அது 37 வாட்-மணி. பேசிக்கு 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது, இடையிழப்பும் போக, 6,000 சொச்சமே மிஞ்சும். இந்த உண்மை எண்ணும் பொருளின் பின்புறத்தில் சிற்றெழுத்தில் இருக்கும், அதையே பாருங்கள். 5,000 எண் கொண்ட பேசியை ஒரு தரம் முழுமையாக நிரப்பி, மீதியும் சிறிது இருக்கும் என்று கொள்ளலாம்.

விமானத்தில் செல்வோர் இதனைக் கைப்பையில்தான் எடுத்துச்செல்ல வேண்டும்; சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தல் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எண் கொண்டது 74 வாட்-மணியே, ஆதலால் கவலையில்லை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் தடுத்துவிடக் கூடும்.

ஊரில் கொடுத்துவிட்டு வருவோர் ஒரு வழக்கத்தையும் சொல்லிக்கொடுத்து வாருங்கள். அலமாரியில் கிடக்கும் பவர் பேங்க் தானே மெல்ல வற்றும். இரண்டு மூன்று திங்களுக்கு ஒரு முறையும், ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு முறையும் நிரப்பிவைக்க வேண்டும். வயிறு ஊதினாற்போல் உப்பிவிட்டால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

கண்ணாடியும் உறையும்

திரையைக் காக்கும் டெம்பர்ட் கிளாஸ் விற்போர் எல்லாரும் ‘9 எச்’ என்று உரக்கச் சொல்கிறார்கள். இது பென்சில் கொண்டு செய்யும் கீறல் சோதனையின் அளவு. 9 எச் பென்சிலால் கீற இயலாது என்பதே பொருள். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று எண்ணிவிடக் கூடாது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியினும் கடினமானது. கோடையில் இராஜஸ்தானப் பக்கமிருந்து புழுதிக் காற்று வீசும் தில்லியில், பையில் சாவியைவிட மணல் துகளே திரைக்குப் பகை. எனவே ஒட்டுக்கண்ணாடி தேவைதான். ஆனால் பெரும் விலை கொடுக்க வேண்டுவதில்லை. கீறல் விழுந்தால் மாற்றிக்கொள்வதற்கென்றே அமைந்த பொருள் அது.

உறையில் ஓவியத்தைப் பாராமல் விளிம்பைப் பாருங்கள். திரையினும் சற்று உயர்ந்த விளிம்பு இருந்தால், குப்புற விழுந்தாலும் கண்ணாடி தரையில் மோதாது. தில்லி வெயிலில் வெப்பத்தையும் கருத வேண்டும். 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. நமக்கோ மே மாதத்தில் 45 பாகையும் புதிதன்று. அந்நாட்களில் தடித்த உறையைக் கழற்றிவிட்டு மின்னேற்றுவது மின்கலத்துக்கு நல்லது.

சில சிறு பொருள்கள்

விலை சிறிதாயினும் பயன் பெரிதான பொருள் மேசைத் தாங்கி. வயது முதிர்ந்த தாயார் ஒரு கையில் பேசியைப் பிடித்துப் பேரனைப் பார்க்கும்போது, நாம் காண்பது பெரும்பாலும் கூரை விசிறியைத்தான். தாங்கியில் நிறுத்திவைத்தால் முகம் தெரியும். அடி கனமாகவும் கோணம் மாற்றத்தக்கதாகவும் இருப்பதைத் தேர்ந்துகொள்க.

கம்பியில்லாச் செவிக்கருவிகளே இன்று நாகரிகம் என்றாலும், கம்பியுள்ள ஒன்று வீட்டில் இருப்பது நன்று. எஃப்.எம். வசதியுள்ள பேசிகளில் அந்தக் கம்பியே ஆன்டெனாவாகிறது. அலைவரிசை அற்ற புயல் நாளில் வானொலிச் செய்தி கேட்க அது உதவும். பேரிடர் காலத்தைக் கருதியே, எஃப்.எம். வசதியைப் பேசிகளில் நீக்காதிருக்குமாறு 2023ஆம் ஆண்டில் மத்திய அரசு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

சனவரிக் குளிரில் கம்பளிக் கையுறையோடு தொட்டால் திரை அசையாது. விரலின் மின்னுணர்வைக் கம்பளி தடுத்துவிடுவதே காரணம். விரல் நுனியில் மின்கடத்தும் நூல் சேர்த்த கையுறைகள் இங்கே கிடைக்கின்றன. பேருந்துக்குக் காத்திருப்போருக்கு ஏற்றவை.

நடைபாதையில் மலிவாக விற்கும் பேரளவு மெமரி கார்டுகளை நாம் தொடவில்லை. உள்ளே சிறிதளவே இடமிருக்க, பேசியில் பெரிதாகக் காட்டும்படி செய்த போலிகள் இவற்றில் உண்டு. இடம் நிறைந்தபின் இடும் படங்கள் அழிந்துபோகும். வீட்டுத் திருமணப் படங்களை அப்படி இழந்தால் மீளப் பெறுவதற்கில்லை. நிலையங்களில் முன்பின் அறியாத யூ.எஸ்.பி. முனையில் பேசியைச் செருகுவதும் வேண்டாம். அவ்வழியே தகவல் திருடப்படலாம் என்று 2022ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. நம் சார்ஜரைச் சுவரிலுள்ள மின்முனையில் செருகிக்கொள்வதே பாதுகாப்பு.

வாங்கியபின்

எதை வாங்கினும் பில் கேட்டுப் பெறுங்கள். ‘பில் வேண்டுமென்றால் விலை கூடும்’ என்று சொன்ன கடையில் உறை வாங்கினோம். சார்ஜரையும் பவர் பேங்கையும் பில் தந்த கடையில் வாங்கினோம். பழுதானால் திரும்பிச் சென்று கேட்க நமக்குள்ள உரிமை அத்தாளில்தான் இருக்கிறது. வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய சார்ஜர்களையும் ஊதிப்போன மின்கலங்களையும் குப்பையில் எறியாமல், மின்கழிவு பெற்றுக்கொள்ளும் இடங்களில் சேர்ப்பிக்க வேண்டும்.

கைப்பணம் குறைவாயின் வாங்கும் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் முத்திரையுள்ள சார்ஜரும் ஒரு நல்ல கேபிளும், அடுத்து ஊரிலுள்ள பெற்றோருக்கு ஒரு பவர் பேங்க், பிறகு விளிம்புயர்ந்த உறையும் கண்ணாடியும், அதன்பின் தாங்கி. மற்றவை எல்லாம் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கலாம்.

கரோல்பாக் கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு மாலைக் கூட்டமும் தாங்காது. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள், பகல் 12 மணிக்கு மேல், எழுதிய பட்டியலோடு செல்வீராக.