தகரச் சட்டியும் சுடுதண்ணியும்

போரில் வீரம் என்றதும் எங்களுக்கு முதலில் துவக்குத்தான் ஞாபகம் வரும். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். துவக்குத் தூக்காதவனின் வீரத்தைச் சொல்ல எங்களிடம் சொற்கள் குறைவு. கொரியப் போரில் இறந்துபோன எமில் கபான் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவைப் பற்றி வாசித்தபோது இந்தக் குறை நன்றாகவே உறைத்தது.

கபான் 1916 ஏப்ரல் 20ல் கன்சாஸ் மாநிலத்தின் பில்சன் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். செக் நாட்டவர்கள் போய்க் குடியேறிய ஊர் அது. விட்டுவந்த நகரத்தின் பெயரையே புது ஊருக்கும் வைத்திருந்தார்கள். கடைகளுக்கெல்லாம் ஊர்ப்பெயர் வைக்கிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1940ல் குருவானார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் பர்மாவிலும் இந்தியாவிலும் படையினரின் ஆன்ம குருவாக இருந்தார். திரும்பிப்போய் 1948ல் கல்வியியலில் முதுகலைப் பட்டமும் எடுத்தார். 1950 யூலையில் 8வது குதிரைப்படை றெஜிமென்றோடு கொரியாவில் இறங்கினார். பெயரில்தான் குதிரை, உண்மையில் காலாட்படை.

இராணுவச் சம்பளம் வாங்குகிற சுவாமி என்றால் எங்களில் பலருக்கு முகம் சுளிக்கும். இராணுவம் என்பது எங்களுக்கு இரவில் வாசலில் வந்து நின்ற சப்பாத்துச் சத்தம். அந்தச் சீருடைக்குள் இருந்துகொண்டு எப்படிக் கருணையைப் பேசுவது? நியாயமான கேள்விதான். போர்ச் சட்டப்படி ஆன்ம குரு ஆயுதம் தூக்காதவர் என்று சொல்லி இதைக் கடந்துபோகவும் முடியாது. அவர் செய்ததைத்தான் பார்க்கவேண்டும்.

1950 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். அன்றிரவு வடகொரியாவின் உன்சான் என்ற இடத்தில் சீனப் படைகள் அவரது றெஜிமென்றைச் சுற்றி வளைத்தன. நடக்கக்கூடியவர்கள் தப்பிப் போகலாம் என்று கட்டளை வந்தது. கபானால் நடக்க முடியும். ஆனால் காயக்காரரால் முடியாது. அவர் காயக்காரரோடு நின்றுவிட்டார். அவர்களுக்குள் காயப்பட்ட ஒரு சீன அதிகாரியும் கிடந்தார். அவரோடு பேசி, காயக்காரரைக் கொல்லாமல் சரணடைய வழி செய்தார். சிறைப்பட்டபின், கணுக்கால் உடைந்து கிடந்த ஒரு சார்ஜன்றைச் சுட ஒரு சீனச் சிப்பாய் துவக்கை நீட்டினான். கபான் நடந்துபோய் அந்தத் துவக்கைக் கையால் தள்ளிவிட்டு, காயக்காரனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சுடவந்தவன் சுடவில்லை. காயப்பட்டவர் உயிர் தப்பினார்.

உலகம் கொண்டாடுவது இந்த இரண்டு நாட்களைத்தான். எங்களை அதிகம் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகு வந்த ஏழு மாதங்கள்.

யாலு நதிக்கரையில் பியொக்டொங் என்ற ஊரில் 5ஆம் இலக்கச் சிறைமுகாம். உறைபனிக் குளிர், கைப்பிடி தானியம், பேன், வயிற்றோட்டம். மனிதர்கள் வரிசையாகச் செத்தார்கள். அங்கே கபான் செய்த முதல் வேலைகளில் ஒன்று சட்டி செய்தது. இடிந்த வீடுகளின் கூரைத் தகரத்தை எடுத்து, கல்லால் தட்டித்தட்டி வளைத்து, தண்ணீர் ஒழுகாத சட்டியாக்கினார். விடியமுன் எழும்பி விறகு தேடி நெருப்பு மூட்டிச் சுடுதண்ணி வைத்தார்.

குசினியில் நிற்கிற எங்களுக்கு இதன் பெறுமதி தெரியும். சட்டி இல்லாவிட்டால் கொதித்த தண்ணீர் இல்லை. கொதித்த தண்ணீர் இல்லாவிட்டால் ஊத்தைத் தண்ணீரைக் குடிக்கவேண்டும். குடித்தால் வயிற்றோட்டம், அந்த முகாமில் அதற்குப் பிறகு சாவு. வயிற்றோட்டக்காரரின் காற்சட்டைகளை வாங்கிக் கழுவிக் கொடுத்தவரும் அவர்தான். நோயாளிகளைச் சுத்தமாக்கினார், பேன் எடுத்துவிட்டார். முதுகலைப் பட்டம் பெற்ற மனிதர் அவர். பல்கலைக்கழகத்தை இடைநடுவில் விட்டுவந்து கோப்பை கழுவுகிறவர்கள் எங்களில் எத்தனையோ பேர். ஊருக்குப் போனில் பேசும்போது "ஹொட்டேலில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அழுக்கைக் கழுவுகிற வேலையில் ஒரு மனிதனின் மதிப்புக் குறைவதில்லை என்று எங்களுக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பிறகு களவு. காவலரின் களஞ்சியங்களுக்குள் இரவில் புகுந்து தானியமும் உருளைக்கிழங்கும் எடுத்துவந்து பங்கிட்டார். போகமுன், சிலுவையில் யேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய நல்ல கள்ளனிடம் செபிப்பாராம். 1951 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. விடியற்காலையில் இடிந்துபோன ஒரு கோவிலில் வழிபாடு நடத்தினார். அப்பமும் இரசமும் இல்லாததால் பூசை வைக்க முடியவில்லை. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வந்து நின்றார்கள்.

பிறகு அவரே விழுந்தார். காலில் இரத்தக்கட்டி, வயிற்றோட்டம், நியூமோனியா. "ஆஸ்பத்திரி" என்று பெயர் வைத்த, போனவர்கள் திரும்பி வராத வீட்டுக்கு அவரைத் தூக்கிப் போனார்கள். 1951 மே 23ல் இறந்தார். வயது 35.

அதற்குப் பிறகு முகாமுக்கு வந்த ஒரு யூத விமானி, தான் கண்டேயிராத இந்தக் குருவைப் பற்றி மற்றக் கைதிகள் சொன்னதைக் கேட்டு, விறகுக் கட்டையில் ஒரு பாடுபட்ட சுருவம் செதுக்கினார். 1953ல் விடுதலையானவர்கள் அதைக் கையில் கொண்டுவந்தார்கள்.

அவரது எலும்புகள் பெயரில்லாமல் ஹவாயில் புதைக்கப்பட்டிருந்தன. 2021ல்தான் அடையாளம் கண்டு கன்சாஸின் விச்சிற்றா நகருக்குக் கொண்டுவந்தார்கள். எழுபது வருடம்! பெற்றவர்கள் பார்க்க இருக்கவில்லை. காணாமல் போனவர்களின் படத்தோடு தெருவோரத்தில் இருக்கிற எங்கள் தாய்மாரை நினைக்காமல் இந்த வரியைக் கடக்க எங்களால் முடியவில்லை. ஒரு நாடு மனம் வைத்தால் எலும்புக்கும் பெயர் கிடைக்கும்.

2013 ஏப்ரலில் ஜனாதிபதி ஒபாமா அவருக்கு அமெரிக்காவின் அதியுயர் இராணுவப் பதக்கத்தை வழங்கினார். 2025 பெப்ரவரியில் வத்திக்கான் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. பதக்கத்தோடு வாசிக்கப்பட்ட குறிப்பில் உன்சானின் அந்த இரண்டு நாட்கள்தான் இருக்கின்றன. தகரச் சட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சட்டியில் கொதித்த தண்ணீரைக் குடித்து உயிர் தப்பியவர்கள்தான் அதை ஊர் ஊராகச் சொல்லி, எங்கள் காதுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.