ஏட்டில் ஒரு வரி

சொற்களின் பயணம் விந்தையானது. போர்த்துக்கீசிய மொழியில் தந்தையைக் குறிக்கும் ‘பாத்ரே’ என்னும் சொல்லே தமிழில் ‘பாதிரி’ ஆயிற்று. அதே சொல்லை ஓர் அமெரிக்க விளையாட்டு அணியும் பெயராகச் சூடியிருப்பதை 2022ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அறிந்தேன். 1769இல் சான் டியேகோவில் மறைத்தளம் நிறுவிய பிரான்சிஸ்கன் துறவியரின் நினைவாக, அந்நகரின் பேஸ்பால் அணிக்குப் ‘பாத்ரேஸ்’ என்று பெயர்.

அப்போது விடுப்பில் சென்ற குருநண்பர் ஒருவருக்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அந்நகரின் அணி டாட்ஜர்ஸ். ஆலயக் கதவைத் திறந்து மூடும் மெக்சிகோ வழிவந்த முதியவர், ஏப்ரல் முதல் ஒவ்வோர் ஆட்டத்தையும் வானொலியில் கேட்டு, ஆட்டத்திற்கு ஒரு வரியாகக் குறிப்பேட்டில் எழுதிவந்தார். 162 ஆட்டங்களில் 111 வெற்றி! அவ்வணியின் வரலாற்றிலேயே அதுதான் மிக உயர்ந்த எண்ணிக்கை. அதே பிரிவில் இரண்டாமிடம் பெற்ற பாத்ரேஸ் வென்றதோ 89. இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய 19 ஆட்டங்களில் 14ஐ டாட்ஜர்ஸே வென்றிருந்தது.

“உங்கள் ஆட்கள்தாம் எங்களோடு மோத வருகிறார்கள், பாத்ரே!” என்று முதியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடர். மூன்றை வென்றவர்க்கே அடுத்த படி. முதல் ஆட்டத்தை டாட்ஜர்ஸ் 5-3 என வென்றது. அடுத்த இரண்டையும் இழந்தது. அக்டோபர் 15, சனிக்கிழமை இரவு, மழையால் சற்றுத் தாமதமாகத் தொடங்கிய நான்காம் ஆட்டத்தைப் பங்கு இல்லத்தில் இருவரும் பார்த்தோம். ஏழாம் சுற்றின் நடுவில் டாட்ஜர்ஸ் 3-0 என முன்னணியில் இருந்தது. அச்சுற்று முடிவதற்குள் பாத்ரேஸ் ஐந்து ஓட்டங்கள் எடுத்துவிட்டது. இறுதியில் 5-3. அந்த ஆண்டின் கனவு அங்கேயே முடிந்தது.

“ஆறு மாத உழைப்பும் வீண்தானே?” என்றேன். ஆறுதல் சொல்ல வேண்டியவன் கேட்ட கேள்வி அது! முதியவர் உடனே மறுமொழி கூறவில்லை. குறிப்பேட்டை எடுத்து, தோல்வியை மற்ற வரிகளின் அளவிலேயே எழுதினார். பெரிய எழுத்தில்லை, அடிக்கோடும் இல்லை. பின் ஏட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். “இதுவும் ஒரு வரி, பாத்ரே. இதற்காக மற்ற வரிகளை நான் அழிக்க வேண்டுமா?” என்றார்.

மறுவாரம் ஓர் அடக்கத் திருப்பலி. முந்தின நாள் இறந்தவரின் மகன் என்னைக் காண வந்தார். தந்தையோடு அவர் கடைசியாகப் பேசியது ஒரு சண்டையில். அந்த இரவையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். குருமடத்தில் கற்ற ஆறுதல் மொழிகள் நாவின் நுனிவரை வந்தன, அவற்றைச் சொல்லவில்லை. தாளும் பேனாவும் கொடுத்து, தந்தையோடு கழித்த நாள்களுள் நினைவில் நிற்பவற்றை நாளுக்கு ஒரு வரியாக எழுதச் சொன்னேன். சண்டையையும் விட்டுவிட வேண்டாம் என்றேன். நெடுநேரம் எழுதினார். மறுநாள் அந்தத் தாளை ஆலயத்தில் அவரே வாசித்தார். சண்டை நடுவில் எங்கோ வந்தது. அதற்குப் பின்னும் பல வரிகள் இருந்தன.

டாட்ஜர்ஸ் 2024இல் 98 வெற்றிகளோடும் 2025இல் 93 வெற்றிகளோடும் வாகையர் பட்டத்தை வென்றது. 111 வென்ற ஆண்டில் கிட்டாதது, அதனினும் குறைவாக வென்ற ஆண்டுகளில் கிட்டியது. நெடும்பருவம் ஓர் அணியின் இயல்பைக் காட்டுகிறது. குறுந்தொடரோ அந்த வாரத்தை மட்டுமே காட்டுகிறது. இரண்டும் உண்மையே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிப்பதுதான் நாம் செய்யும் பிழை.

அன்றிரவு ‘வீண்’ என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்! இத்தனை ஆண்டுக் குருத்துவப் பணியில், எத்தனை மனிதரை அவர்தம் கடைசி வரியால் மட்டுமே அளந்திருப்பேனோ என்று எண்ணும்போது, அந்த முதியவரின் ஏடு இன்றும் என் முன் திறந்தே கிடக்கிறது.