பேரே வாவியில் கேட்ட குரல்

எங்கள் இணுவிலில் கடல் இல்லை. செம்மண் தோட்டங்கள், ஒருகாலத்தில் துலா மிதித்து இறைத்த கிணறுகள், புகையிலைக் கன்று, கோயில் மேளம் இவைதான் எங்கள் ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த மண் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். உப்புக்காற்று முகத்தில் பட வேண்டுமென்றால் வடக்கே கீரிமலைக்கோ மேற்கே காக்கைதீவுக்கோ போகவேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரி படகோட்டப் போட்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, சகோதரிகளே.

என் மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். பேத்தி என்னோடுதான் வளர்கிறாள். ஒருநாள் அவள் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். நீச்சல் பழக விரும்பும் பிள்ளைகளின் பாதுகாவலர் கையொப்பமிட வேண்டுமாம். "அம்மம்மா, கெதியாச் சைன் வைச்சுத் தாங்கோ" என்றாள். "பிறகு பாப்பம் பிள்ளை" என்று படிவத்தை மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். கையொப்பமிடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

காரணம் கிளாலி. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டிருந்த காலத்தை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். வெளியே போவதென்றால் கிளாலியில் இருட்டில் வள்ளம் ஏறவேண்டும். 1993 இல் ஐந்து வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். நடுவழியில் இயந்திரம் நின்றுபோனது. இரண்டு பேர் துடுப்பு வலித்தார்கள். ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. பிள்ளைக்கு இருமல் வந்தது. நான் அவள் வாயைக் கையால் பொத்தினேன். கரை சேரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் என்றால் எனக்குப் பயம். மகளை ஒருநாளும் கடலில் இறங்க விட்டதில்லை. அந்தப் பயத்தைப் பேத்திக்கும் கொடுக்கத்தான் இருந்தேன்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 இல் திரும்பி வந்த பிறகு பயணம் சுகம். அக்காவின் பேத்தி தன் பாடசாலைப் படகோட்ட அணியில் இருக்கிறாள். போட்டி நாளில் பெற்றோர் உதவிக்குப் போகவேண்டும் என்று அக்காவின் மகள் என்னையும் விடிய முன்னரே எழுப்பிக் கூட்டிப்போனாள்.

போட்டி நடந்த இடம் கொழும்பு நகரின் நடுவிலுள்ள பேரே வாவி. போர்த்துக்கேயர் காலத்தில் எதிரி கோட்டைக்குள் நுழையாதபடி உருவாக்கிய நீர்நிலை அது. யுத்தத்துக்காக உண்டாக்கிய தண்ணீரில் இன்று பள்ளிப் பிள்ளைகள் துடுப்பு வலிக்கிறார்கள். சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள். தண்ணீரோ பாசி நிறம். கொழும்பு படகோட்டக் கழகம் 1864 இல் தொடங்கியது. 1898 இல் கொழும்புக் கழகமும் சென்னைக் கழகமும் தங்களுக்குள் போட்டி வைத்தன. அக்காலத்தில் அது வெள்ளைக்கார ஆண்களின் பொழுதுபோக்கு. பிறகு பாடசாலைகளுக்கும் வந்தது. றோயல் கல்லூரியும் சென். தோமஸ் கல்லூரியும் 1960களிலிருந்து தங்களுக்குள் படகோட்டப் போட்டி வைத்து வருகின்றன. இன்று மியூசியஸ், லேடீஸ் போன்ற பெண்கள் கல்லூரிகளின் பிள்ளைகளும் படகில் ஏறுகிறார்கள். உலகத்திலும் இது பெண்களுக்குப் பிந்தித்தான் கிடைத்தது. ஆண்களின் படகோட்டம் 1900 இலேயே ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது. பெண்களுக்கு 1976 இல், மொன்றியலில்தான் இடம் கிடைத்தது. அப்போதும் ஆண்களுக்கு 2000 மீற்றர், பெண்களுக்கு 1000 மீற்றர். தூரம் சமமானது 1988 இல்.

பார்சல் கட்டவும் தேநீர் ஊற்றவும் போன நான், வேலை முடிந்த நேரமெல்லாம் போட்டியை எப்படி ஒழுங்கு செய்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கந்தசுவாமி கோயில் பெருமஞ்சம் இழுக்கும்போது வடம் பிடிப்பவருக்கு ஒரு வேலை, கட்டை போடுபவருக்கு ஒரு வேலை இருக்குமல்லவா? அதே ஒழுங்கை இங்கேயும் கண்டேன். காற்று எழும்ப முன்னர் முடிக்கவேண்டும் என்பதற்காக விடியவே தொடங்குகிறார்கள். தண்ணீரில் மிதவைகள் கட்டிப் பாதை பிரித்திருக்கிறார்கள். தொடக்கக் கோட்டில் படகுகளின் பின்பக்கத்தைப் பிடித்து நேராக நிறுத்தச் சிலர். நடுவர் ஓர் இயந்திரப் படகில் பின்னாலேயே போகிறார். ஓட்டம் ஒழுங்காக முடிந்தால் வெள்ளைக் கொடி, குறை இருந்தால் சிவப்புக் கொடி. முடிவுக் கோட்டில் நேரக் கடிகாரங்களோடு இன்னும் சிலர். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, ஆபத்தென்றால் பாய்ந்து போவதற்கு மீட்புப் படகு. அது தண்ணீரில் இறங்காமல் ஒரு பிள்ளையும் இறங்க முடியாது.

பட்டியலோடு நின்ற ஓர் ஆசிரியையிடம் கதை கொடுத்தேன். இரண்டு பாடசாலைகள் என்றால் வேலை சுலபம் என்றார். பாடசாலைகள் கூடக்கூட வயதுப் பிரிவு கூடும். ஒருவர், இருவர், நால்வர் என்று படகு வகையும் கூடும். படகுகள் விலை கூடியவை என்பதால் ஒரே படகைப் பலர் பகிரவேண்டும். முதல் ஓட்டத்தில் வலித்த பிள்ளைக்கு அடுத்த ஓட்டத்துக்கு முன் இளைப்பாற நேரம் வேண்டும். ஒரு படகு பிந்தினால் அன்றைய நாள் முழுவதும் பிந்திவிடும். "போட்டி வளர்றது சந்தோஷம்தான் அம்மா. ஆனால் பிள்ளையளைப் பாதுகாக்கிற ஏற்பாடும் சேர்ந்து வளரவேணும்" என்றார். நீந்தத் தெரியாத பிள்ளைக்குத் துடுப்புக் கொடுப்பதில்லை என்பதுதான் முதல் விதியாம். அதைக் கேட்டதும் என் கைப்பை பாரமானதுபோல் இருந்தது.

அக்காவின் பேத்தியின் ஓட்டம் வந்தது. நால்வர் வலிக்கும் படகு. இவள் ஐந்தாவது ஆள்; மெலிந்த, சின்னப் பிள்ளை. அவளிடம் துடுப்பு இல்லை. கொக்ஸ் என்று அந்த இடத்துக்குப் பெயர். வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். வழியைப் பார்ப்பவள் இவள் ஒருத்திதான். சுக்கானைத் திருப்புவது, தாளம் சொல்வது, சோர்ந்தவளைப் பெயர் சொல்லி உசுப்புவது எல்லாம் இவள் பொறுப்பு. படகு புறப்பட்டதும் அவள் போட்ட சத்தம் கரையில் நின்ற எங்களுக்கும் கேட்டது. வீட்டில் மெல்லப் பேசும் பிள்ளை! தொண்டை கிழியக் கத்தினாள். கரையில் நின்ற தாய்மாரும் கத்தினார்கள்.

நான் மட்டும் கத்தவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கையால்தான் அன்று பிள்ளையின் வாயைப் பொத்தினேன். அன்று அது பிழையல்ல. அன்று உயிர் தப்ப வழி அதுதான். ஆனால் யுத்தம் 2009 இல் முடிந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை என்பது அந்தக் கரையில்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். கரையேறியதும் "அம்மம்மா, என்ர குரல் கேட்டதோ?" என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது. கேட்டது என்று தலையாட்டினேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் போல் இருந்தது.

தண்ணீர் எங்களுக்கு அந்நியமானதா? தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பியும் நீந்தினார். அதே வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938 இல் அமெரிக்கக் கரையைத் தொட்டது. இப்படிப் பெயரெடுத்த ஆண்களைப் பற்றிச் சொல்கிறோம். எங்கள் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? 2004 இல் கடல் பொங்கியபோது பறிகொடுத்த தாய்மார் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எனக்கும் அது இருக்கிறது. ஆனால் பயந்து விலகி இருப்பதால் ஒரு பிள்ளையும் நீந்தப் பழகாது.

எங்கள் பக்கத்தில் பேரே வாவிபோல் ஒரு போட்டி நாளைக்கே வராது. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை மாதர் சங்கக் கூட்டத்தில் பேசலாம். பாடசாலையில் நீச்சல் பழக்குகிறார்களா என்று கேட்கலாம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டும் என்று கேட்கலாம். பயிற்சி நேரத்தில் இரண்டு தாய்மார் முறைவைத்துக் கரையில் நிற்கலாம். படகுக்கு உயிர்காப்பு அங்கி இல்லாமல் பிள்ளைகளை ஏற்றமாட்டோம் என்று சொல்லலாம்.

திரும்பி வந்த ரயிலிலேயே படிவத்தை எடுத்தேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தது. ரயில் ஆனையிறவைக் கடந்தபோது யன்னலுக்கு வெளியே வெயிலில் நீரேரி பளபளத்தது. முழங்காலில் வைத்துக் கையொப்பமிட்டேன். ரயில் குலுக்கியதில் எழுத்துக் கோணிவிட்டது. பேத்தி அதைப் பார்த்து, "அம்மம்மா, இது உங்கட சைன்தானோ?" என்று சிரித்தாள்.

என்னுடையதுதான், பிள்ளை.