பட்டிக்குப் பின்னால்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், வாப்பாவின் பழைய வேன்தான் எங்கள் வீட்டுச் சோறு. புதிதாகப் பெயின்ட் அடிக்குமுன் அதன் பெயரெழுத்துகளையும் பக்கப்பட்டிகளையும் கழற்ற உதவினேன்.

அப்புத்தளைக் குளிரில் பசை கல்லாய் இறுகியிருக்கும். வெறுமனே இழுத்தால் பெயின்டும் உரிந்து வரும். ஹேர் ட்ரையரால் சூடாக்கி, தூண்டில் நூலைப் பின்னால் விட்டு அறுத்தோம். மிஞ்சிய பசையை மண்ணெண்ணெயால் துடைத்தோம்.

எழுத்து இருந்த இடம் வெயில் படாமல் புதுநிறமாய் இருந்தது. பட்டியின் கீழோ பனிமூட்டத்தின் ஈரம் தங்கி, கதவைத் துரு அரித்திருந்தது.

"கழற்றாம பெயின்ட் அடிச்சிருந்தா கதவே போயிருக்கும் மகள்" என்றார் வாப்பா.

துருவைச் சுரண்டிய பிறகே வண்ணம். தோழிகளே, அழகுக்கு ஒட்டியதையும் ஒருநாள் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.